தன் வழக்குக்குத் தானே மருந்து கெட்டித்தவர்

ஆயுதப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, துப்பாக்கியைக் கழற்றவும் பூட்டவும் உங்களுக்குச் சொல்லித் தர ஆள் இருக்கிறார்கள். எண்ணெய் எவ்வளவு, துணி எவ்வளவு என்பதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது. மேலதிகாரி பதிலை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு, "அந்தப் பதில் வரும்வரை சுட்டுக்கொண்டே இரு" என்று உத்தரவு போட்டால் என்ன செய்வது என்பது மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு அப்படி ஓர் உத்தரவு வந்தது. நான் அதைக் கையாண்ட விதத்தைச் சொல்கிறேன். தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள்.

நான் ஆர்மரர். அதாவது காவல் துறையின் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவன். துப்பாக்கியைப் பிடித்த போலீசைப் பார்த்தால் ஊர் பயப்படும். துப்பாக்கியைத் துடைக்கிற போலீசைப் பார்த்தால் அவன் வீட்டு நாய்கூட எழுந்திருக்காது. இந்த வேலைக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான், தெரிந்தேதான் வந்தீர்கள் என்று நினைக்கிறேன்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருடம் அது. தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தவன், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வழியெல்லாம் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் மறியல் செய்கிறவர்கள், இந்தப் பக்கம் நாங்கள், நடுவில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போக வேண்டிய கரும்பு வண்டிகள் காய்ந்துகொண்டு நின்றன. அவர்கள் கேட்பது நியாயமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. லத்தி இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

அந்த நாட்களில் ஒரு தாசில்தார், எந்த ஊர் என்று கேட்காதீர்கள், கல்வராயன் மலையடிவாரச் சாலையில் விழுந்து கிடந்த மரங்களைப் பார்வையிட ஜீப்பில் போனார். ஒரு வளைவில் டமார் என்று சத்தம் கேட்டது. அலுவலகம் திரும்பி இறங்கிப் பார்த்தால் ஜீப்பின் பக்கத் தகட்டில் ஏழு ஓட்டைகள். மறுநாள் செய்தித்தாளில் அவர் மயிரிழையில் உயிர் தப்பினார். அன்று முதல் அவர் நடையே வேறு மாதிரி ஆகிவிட்டது. அலுவலகத்தில் தேநீர் கொண்டுவருகிறவர்கூட அவரைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க ஆரம்பித்தார்.

ஓட்டைகளைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். ஓர் ஓட்டையில் விரலை விட்டு எடுத்தேன். விரல் சிவப்பாக வந்தது. அது துரு. அந்த ஜீப் வாங்கிய நாளிலிருந்து மழையில் நின்ற ஜீப். ஸ்டேஷனுக்கு வந்து இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.

"ஐயா, அது குண்டு இல்லீங்க. துருங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "துரு மேல எஃப்.ஐ.ஆர். போட முடியுமாய்யா?"

முடியாதுதான். அதற்குமேல் நான் துருவைப் பற்றிப் பேசவில்லை. என் முதல் தப்பு இதுதான். அடுத்து வந்ததெல்லாம் இதற்குப் பிறந்த குட்டிகள்.

அந்த வளைவுக்கு மேலே ஒரே ஒரு காடு இருந்தது. மலைக்காரரான கரிராமன் சாமையும் மரவள்ளியும் போட்டிருந்த மேட்டு நிலம். பன்றியை விரட்ட உரிமத்தோடு ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மறியலுக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம், அவருடைய கிழங்கு மூட்டை சந்தைக்குப் போக முடியாமல் வழியில் நின்றுபோனதுதான். போலீஸ் போய் விசாரித்தபோது ஒளிக்காமல் சொன்னார்: "அன்னிக்கு வெடி போட்டது நான்தாங்க. கொரங்கு வந்துச்சிங்க." முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டார்கள். கரிராமன் கிளைச் சிறைக்குப் போனார், அவருடைய துப்பாக்கியும் வெடிமருந்தும் என்னிடம் வந்தன.

முறைப்படி அதைச் சோதனைக்குச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். சாலையில்தான் மரம் கிடக்கிறதே. அதனால் உள்ளூரிலேயே சோதித்து அறிக்கை கொடுக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. இன்ஸ்பெக்டர் அதை வாயாலும் விளக்கினார்.

"காட்லேர்ந்து ரோடு நூத்திருவது தப்படி. அந்தத் தூரத்துல தகடு ஓட்டையாவணும். ஆவலன்னா மருந்த ஏத்து. ஆவற வரைக்கும் ஏத்து."

"ஆவவே இல்லன்னாங்கய்யா?"

"ஆவும்யா. கவர்மென்ட் நெனச்சா ஆவாதது இன்னா இருக்குது?"

இதில் ஒரு சங்கடம். எனக்கு அந்தத் துப்பாக்கியைக் கெட்டிக்கத் தெரியாது. குழாயின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, நாரை அடைத்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி நாரை அடைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். எதை எவ்வளவு போடுவது என்பது ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கணக்கு. கம்மியானால் ரவை காலடியிலேயே விழும், ஜாஸ்தியானால் சுடுகிறவன் விழுவான். நானோ தொழிற்சாலைத் தோட்டாவைத் தவிர வேறொன்றும் அறியாதவன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த ஆர்மரர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "தெரியலன்னா தெரிஞ்சவன கேளு. அவன் திருடனா இருந்தாலும் கேளு." கேட்டேன். அந்தத் துப்பாக்கியைத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான், அவர் கிளைச் சிறையில் இருந்தார். மனு எழுதி, அனுமதி வாங்கி, குற்றம் சாட்டப்பட்டவரையே சோதனைக்கு அழைத்து வந்தேன். இதில் யாருக்கும் ஒரு விசித்திரமும் தெரியவில்லை.

மலையடிவாரத்தில் வற்றிக் கிடந்த ஓர் ஏரியில் தகட்டை நட்டோம். நான், காவலுக்கு வந்த நைனார்பாளையத்துக் கான்ஸ்டபிள், கரிராமன்.

"யோவ், இதுக்கு மருந்து எவ்ளோ போடுவ?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க? கொரங்குக்கா, பன்னிக்கா?"

"ஜீப்புக்கு."

அவர் நிஜமாகவே யோசித்தார். "ஜீப்புக்குப் போட்டதில்லீங்க. பன்னிக்குப் போடறத போட்டுப் பாப்பங்களா?"

துப்பாக்கி வாரில் கட்டியிருந்த ஒரு சின்ன மூங்கில் குழலை அவிழ்த்தார். அதுதான் அவருடைய அளவு. அந்த அளவை இங்கே எழுதமாட்டேன், உங்களில் துடுக்கானவர்கள் இருப்பீர்கள். கெட்டித்தார், சுட்டேன். சத்தம் மலையில் முட்டித் திரும்பியது. போய்ப் பார்த்தால் தகட்டின் மேல் பொரி விழுந்த அளவுக்குக்கூட அடையாளம் இல்லை. கரிராமனின் முகம் சுருங்கிப்போனது.

"மருந்து ஓதம் அட்ச்சிருக்குதுங்க. உங்க ரூமுல வெளிச்சமே இல்ல. நாளிக்கி வெய்யில்ல கொட்டி எடுத்தா நல்லா போடும்."

அந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். தனக்குத் தண்டனை வாங்கித் தரப்போகிற மருந்தை ஒரு மனிதன் ஏன் அக்கறையாகக் காயவைக்கச் சொல்கிறான்? நானோ ஸ்டேஷன் வாசலில் வெயில் எந்தப் பக்கம் நன்றாக விழும் என்று யோசித்தேன்.

இரண்டாம் நாள் காய்ந்த மருந்து. நாரை இறுக்கிப் பார்த்தோம், ரவையை மாற்றிப் பார்த்தோம். தகடு நெளிந்தது, ஆனால் துளைக்கவில்லை. மதியத்துக்குள், வழக்கின் முக்கியச் சாட்சியப் பொருளான மருந்து தீர்ந்துபோயிற்று. அப்போது கரிராமனின் மனைவி வெள்ளச்சி மலையிலிருந்து நடந்து வந்து சேர்ந்தார். தூக்குப்போசியில் புருஷனுக்குச் சாமைச் சோறு, இன்னொரு டப்பாவில் வீட்டிலிருந்த மிச்ச மருந்து. புருஷன்தான் சிறையிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"இதுல நல்லா போட்டா அனுப்பிச்சிடுவீங்களா சார்?" என்று கேட்டார்.

"பாப்பம்மா," என்றேன். அவர் கேட்டது என்ன என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மருந்து கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு நாளில் ஜீப்பையும் தாசில்தாரையும் நான் மறந்தேவிட்டேன். தகட்டைத் துளைக்க வேண்டும், அவ்வளவுதான். யோவ் என்று கூப்பிட்டவன் அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

மூன்றாம் நாள் கரிராமனே வழி சொன்னார். "இதுக்கு மேல போட்டா தோளு தாங்காதுங்க. கட்டி வச்சி போடலாம்." வெட்டிக் கிடந்த புளியமரத்தின் அடிக்கட்டையில் துப்பாக்கியைக் கயிற்றால் வரிந்து கட்டினோம். பன்றிக்குப் போடுவதுபோல் மூன்று மடங்கு மருந்து. விசைக் குதிரையில் நூலைக் கட்டி நீட்டிக்கொண்டு, வெள்ளச்சியோடு நால்வரும் ஏரிக்கரைக்குப் பின்னால் குப்புறப் படுத்தோம். நூலை நான் இழுத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் தகட்டில் சுத்தமாக ஐந்து ஓட்டை.

நான் கைதட்டினேன். நைனார்பாளையத்துக்காரர் விசில் அடித்தார். வெள்ளச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கரிராமன் நிமிர்ந்து நின்றார்.

"இப்ப எழுதுங்க சார்."

"இன்னான்னுண்ணே?"

"துப்பாக்கி நல்லாருக்குதுன்னு. வருசா வருசம் ரினிவலுக்குப் பாத்துட்டு அப்டித்தான எழுதறீங்க? நல்லாருக்குதுன்னு எழுதிட்டா துப்பாக்கியும் வந்துடும், என்னயும் உட்டுடுவீங்க. வூட்டுக்குப் போலாங்களா?"

தம்பிகளே, என் வாழ்நாளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. மூன்று நாளும் அவர் கொடுத்துக்கொண்டிருந்தது பரீட்சை. துப்பாக்கி தேறினால் தானும் தேறிவிடுவோம் என்று நம்பி, புருஷனும் பெண்சாதியுமாக வீட்டு மருந்தைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அண்ணே, இது ரினிவல் இல்ல. தகடு ஓட்டையாச்சின்னா ஜீப்ப சுட்டது நீங்கதான்னு ஆயிடும்."

"நான் சுடலியே."

"சுடலதான். ஆனா ஓட்டை ஆயிடுச்சில்ல?"

அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப மூணு நாளா இன்னாத்துக்கு சார் ஒண்ணும் சொல்லல?"

பதில் இல்லாதவன் செய்வதைச் செய்தேன், தந்திரம் பண்ணினேன். மூன்றாம் நாள் நாம் சுடவே இல்லை, யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்றேன். கான்ஸ்டபிள் தலையாட்டினார். கரிராமன் ஆட்டவில்லை. தகட்டைக் கிணற்றில் போட்டோம். அறிக்கையில் "தகடு துளைபடவில்லை" என்று முடித்தேன். அன்று சாயங்காலம் துப்பாக்கியைத் துடைக்கும்போது குழாயின் அடியில் முடி அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. மூன்றாம் நாள் சுடாத துப்பாக்கியில் விரிசல் எப்படி வரும்? அதையும் எழுதவில்லை.

இன்ஸ்பெக்டர் என் அறிக்கையைப் படித்திருந்தால் அன்றே கிழித்திருப்பார். அவர் இரவு பகலாக மறியல் பந்தோபஸ்தில் நின்றவர், படிக்காமல் கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அந்த வருடம் யாரும் எதையும் படிக்கவில்லை.

விசாரணை நாளில் அறிக்கையை நடுவர் உரக்கப் படித்தபோதுதான் அரசுத் தரப்பு வக்கீலே அதை முதல்முறை கேட்டார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்த பார்வையில் தகடு தானாகவே துளைந்திருக்கும். எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை, ஒரு மனிதனைக் காப்பாற்றிவிட்டேன் என்று. நடுவர் வழக்கப்படி கரிராமனிடம் கேட்டார்: "நீ ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணே ஒண்ணுங்கய்யா. மூணா நாளு அஞ்சு ரவ பாஞ்சுதுங்க. அத எழுதாம உட்டுட்டாங்க."

நடுவர் என்னைக் கூண்டில் ஏற்றினார்.

"உண்மையா?"

"ஆமாங்கய்யா."

"ஏன் எழுதல?"

எனக்குப் பதிலாகக் கரிராமனே சொன்னார். "என்னக் காப்பாத்தறதுக்குங்க. நல்லவருதாங்க. ஆனா போட்டத போடலன்னு எப்டிங்க சொல்றது?"

நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எப்படிச் சுட்டீர்கள் என்று அவரிடமே கேட்டார். கரிராமனுக்கு இதைவிடச் சந்தோஷமான கேள்வி கிடையாது. மருந்தைக் காயவைத்தது, மரத்தில் கட்டியது, நூல் இழுத்தது, கரைக்குப் பின்னால் படுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"அப்ப ஜீப்ப சுடணும்னா மொதல்ல துப்பாக்கிய மரத்துல கட்டணும்?" என்றார் நடுவர்.

"ஆமாங்க."

"கட்டின பிறகு இப்படி அப்படித் திருப்ப முடியாது?"

"முடியாதுங்க."

"தாசில்தாரே வண்டிய நேரா அதுக்கு முன்னாடி கொண்டாந்து நிறுத்தணும்?"

கரிராமன் கொஞ்சம் யோசித்தார். "மொதல்லியே சொல்லி வச்சி நேரா நிறுத்தினாத்தாங்க உண்டு. ஒரு மொழம் தள்ளிப் போனாலும் ஆவாது."

நீதிமன்றமே சிரித்தது. தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கரிராமனுக்கு விடுதலை. எனக்கு ஒரு மெமோவும் ஒரு வருட இன்கிரிமென்ட் வெட்டும். நான் ஒளித்து வைத்தது எதுவோ அதுதான் அவரைக் காப்பாற்றியது. பார்த்ததை எல்லாம் எழுது, பாதகமாகத் தெரிந்தாலும் எழுது என்று அன்றைக்கு நான் படித்துக்கொண்டேன். இத்தோடு நிறுத்தினால் உங்களுக்கு நல்ல பாடம், எனக்கும் நல்ல பெயர். ஆனால் கதை இத்தோடு நிற்கவில்லை.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. "பெற்ற நிலையிலேயே ஒப்படைக்கப்பட்டது" என்று அச்சடித்த ஃபாரம். பேனாவை எடுத்து, அடிக்குழாயில் விரிசல் என்று எழுதப்போனேன். என்ன எழுதுகிறேன் என்று கரிராமன் கேட்டார். சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதீங்க சார். எழுதினா லைசென்சு போயிடும். இது கெழங்கு எடுக்கற மாசம், பன்னி ஒண்ணு உடாது. நான் ஜெயில்ல இருந்தப்பவே பாதி காட்ட தின்னுட்டுது. புதுசு வாங்க நான் எங்கங்க போவேன்?"

எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று படித்துக்கொண்டு முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை. அந்தப் பேனா அங்கேயே நின்றது. நீதிமன்றத்தில் என்னை நல்லவர் என்று சொன்ன ஒரே ஆள் அவர். அவர் காட்டை நான் எப்படிக் கெடுப்பேன்? விரிசலில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். ஆர்மரர் என்ற தோரணையில் சொன்னேன்: "பாதி மருந்துக்குத் தாங்கும். சத்தத்துக்கு மட்டும் போடுங்க. பாதிக்கு மேல ஒரு சிட்டிகை கூடக் கூடாதுண்ணே."

"சரிங்க," என்று துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

சோதித்துப் பார்க்காத ஓர் அளவை நான் சொன்னேன். அந்த மூன்று நாளில் எத்தனை முறை சுட்டிருப்போம், விரிசல் விட்ட குழாயில் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. இரக்கத்தில் சொன்ன அளவு அது. இன்ஸ்பெக்டர் அவர் விருப்பத்துக்கு மருந்தை ஏற்றச் சொன்னார், நான் என் விருப்பத்துக்கு இறக்கினேன். வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அடுத்த வருடம் உரிமம் புதுப்பிக்கும் முகாமில் துப்பாக்கிகளைப் பார்வையிட உட்கார்ந்திருந்தேன். கரிராமன் வந்தார். கையில் துப்பாக்கி இல்லை, உரிமத்தை ஒப்படைக்க வந்ததாகச் சொன்னார். எழுத்தர் கைநாட்டுக்கு மைப்பெட்டியை நகர்த்தினார். கரிராமன் வலது பெருவிரலை நீட்டினார்.

"ஆம்பளைங்களுக்கு இடதுதான்யா. எத்தினி தபா சொல்றது?"

கரிராமன் தோள் துண்டுக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் பெருவிரல் இல்லை. பக்கத்து விரலும் பாதிதான் இருந்தது. எழுத்தர் என் பக்கம் திரும்பி, "சார், இதுக்கு இன்னா எழுதறது?" என்று கேட்டார்.

நான் ஃபாரத்தை வாங்கினேன். காரணம் என்ற இடத்தில் "ஆர்மரர் சொன்ன மருந்தளவு" என்று எழுத ஆரம்பித்தேன். கரிராமன் எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என் முகம் தெரிந்திருக்கும்.

"உங்க மேல ஒண்ணும் இல்லீங்க சார்," என்றார். "நீங்க பாதிதான் சொன்னீங்க. பன்னி கூட்டமா வந்துச்சி, நான்தான் முக்கால் போட்டுட்டேன். அத எழுதுங்க."

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிதர் அவர். அன்று அவர் சொன்னது உண்மையா என்று நான் கேட்கவில்லை.